பெட்டி தனியே போகட்டும்

ஜப்பான் போய் வந்தவர்கள் செர்ரிப் பூவைச் சொல்வார்கள், ஃபூஜி மலையைச் சொல்வார்கள், கியோட்டோவின் பொன் வேய்ந்த மண்டபத்தைச் சொல்வார்கள். எல்லாவற்றையும் நானும் கண்குளிரப் பார்த்தேன். ஆனாலும் யாராவது என்னிடம் ஜப்பானைப் பற்றிக் கேட்டால் என் வாயில் முதலில் வருவது ஒரு கறுப்புப் பூனைதான். மஞ்சள் நீள்வட்டத்துக்குள் தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு நடக்கும் தாய்ப்பூனை. யமாட்டோ என்ற பார்சல் நிறுவனத்தின் சின்னம். டோக்கியோ தெருக்களில் அந்தப் பூனை வரைந்த வண்டி கடந்து போகும்போதெல்லாம் எனக்குக் கும்பிடத் தோன்றியது.

அவர்கள் செய்யும் சேவையின் பெயர் தக்யூபின். காலையில் டோக்கியோ ஓட்டலின் ரிசப்ஷனில் உங்கள் பெரிய பெட்டியைக் கொடுத்துவிடுகிறீர்கள். ஒரு சீட்டில் அடுத்த ஊர் ஓட்டலின் பெயர், முகவரி, தொலைபேசி எண், நீங்கள் அங்கே போய்ச் சேரும் தேதி, யார் பெயரில் அறை என்ற விவரம். பல ஓட்டல்களில் இதையும் அவர்களே நிரப்பித் தந்துவிடுகிறார்கள். பணம் கட்டினால் ரசீது. அவ்வளவுதான், பெட்டிக்கும் உங்களுக்கும் உறவு அறுந்தது! மறுநாள் கியோட்டோ ஓட்டலுக்குள் நுழைந்தால், நமக்கு முன்னால் வந்து ஓரமாக நிற்கிறது அந்தப் பெட்டி. ஒரு கீறல் இல்லை. சில இடங்களில் நாம் பேர் சொல்வதற்குள் அறைக்கே கொண்டுபோய் வைத்துவிட்டிருந்தார்கள்.

செலவு, பெட்டியின் அளவையும் தூரத்தையும் பொறுத்து இரண்டாயிரம், மூவாயிரம் யென். நம் பணத்தில் அதில் பாதிக்குச் சற்று மேல். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி வரும் சென்டிமீட்டரை வைத்துத்தான் கட்டணம். 30 கிலோ வரை பெரிய பெட்டிகளை ஏற்கிறார்கள். விமானத்தில் அனுமதிக்கும் எடை தாராளமாக அதற்குள் அடங்கும்.

அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். எழுபதைத் தாண்டியவள், இரண்டு முழங்காலிலும் வலி. முதல் பெட்டியை ஒப்படைத்துவிட்டு நான் வெறுங்கையோடு திரும்பி வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "ஏம்ப்பா, ஒரு பட்டுப்பொடவ அதுல இருக்கு. முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட குடுத்துட்டு வந்து நிக்கிறியே!" என்றாள். மறுநாள் அதே பெட்டியை கியோட்டோவில் பார்த்தவள், அதன் பிறகு ஊர் மாறும்போதெல்லாம் பூட்டைச் சரிபார்த்து, "பூனைக்காரன் வந்தாச்சா?" என்று அவளே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

இந்தச் சேவை 1976-ல் தொடங்கியது. பெரிய கடைகளின், கம்பெனிகளின் சரக்கை ஏற்றிப் பிழைத்துக்கொண்டிருந்த நிறுவனம் யமாட்டோ. அதன் தலைவர் ஒகுரா மசாவோ, வீட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் சின்னப் பார்சலில்தான் எதிர்காலம் இருக்கிறது என்று நம்பி இறங்கினார். முதல் நாள் வந்து சேர்ந்தவை வெறும் 11 பார்சல்கள். மனிதர் அசரவில்லை. பனிச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுபவர்களைப் பார்த்து 1983-ல் அதற்கென்று ஒரு சேவை; அடுத்த வருடம் கோல்ஃப் மட்டைகளுக்கு; 1988-ல் மீனும் பழமும் கெடாமல் போகக் குளிர்பதனப் பார்சல். இன்னொருவர் தோளில் இருக்கும் சுமையைப் பார்த்து, அதை எப்படி இறக்கி வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே இருந்த நிறுவனம். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

பெட்டி இல்லாமல் போவது என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் ஷின்ஜுகு ரயில் நிலையத்தில் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும். வெளியேறும் வாசல்கள் மட்டுமே இருநூறுக்கு மேல். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் அது ஒரு மூலையில். நாம் இருப்பது இன்னொரு மூலையில். கியோட்டோவின் நகரப் பேருந்துகளில் ஆள் நிற்கவே இடம் இருப்பதில்லை. 2024-ல் மட்டும் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் 3.6 கோடிக்கும் மேல், அதில் பலர் கியோட்டோவையும் எட்டிப் பார்க்காமல் போவதில்லை. டோக்கியோவிலிருந்து ஒசாகா பக்கம் போகும் ஷின்கான்சென் ரயிலிலோ, மூன்று பக்கமும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு 2020 முதல் தனி இருக்கை முன்பதிவு வேண்டும். இல்லையென்றால் ஆயிரம் யென் கூடுதல். இத்தனைக்கும் நடுவில் நானும் அம்மாவும் ஆளுக்கொரு தோள்பையை மாட்டிக்கொண்டு கைவீசி நடந்தோம். என் இடது கை அம்மாவின் கையைப் பிடிக்கக் காலியாக இருந்தது. அந்த ஒன்றுக்காகவே இந்தச் சேவையை ஆயுள் முழுக்கப் புகழ்வேன்.

ஊர் திரும்பும்போதும் இதே வசதி உண்டு. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் ஓட்டலிலிருந்தே விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, அங்கே புறப்பாட்டுத் தளத்தில் உள்ள கவுண்டரில் வாங்கிக்கொள்ளலாம். கடைசி நாளை ஒசாகாவின் கடைவீதியில் கழித்துவிட்டு, ஏதோ பக்கத்து ஊருக்குப் போகிறவர்கள் மாதிரி கன்சாய் விமான நிலையம் போய் இறங்கினோம்.

பாஸ்போர்ட்டை மட்டும் ஒருபோதும் அதில் வைக்கக் கூடாது. சுற்றுலாப் பயணி அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பணம், மருந்து, சார்ஜர், ஒரு நாளைக்கான மாற்றுத்துணி ஆகியவையும் தோள்பையில். மருந்து என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட மருந்தைக் கொண்டுபோவதென்றால் முன்கூட்டியே அனுமதிச் சான்று வாங்க வேண்டும், நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் சில சளி மருந்துகளுக்கு அங்கே தடையும் உண்டு. பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் மருந்துச் சீட்டை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

மாற்றுத்துணிகூட நிறையத் தேவைப்படவில்லை. சாதாரண பிசினஸ் ஓட்டலிலேயே இரவு உடை தருகிறார்கள், செருப்புத் தருகிறார்கள், பல்துலக்கி தருகிறார்கள், வெந்நீர்க் கெட்டில் இருக்கிறது. பல ஓட்டல்களில் காசு போட்டால் ஓடும் துணி துவைக்கும் இயந்திரம். சோப்புத்தூளையும் அதுவே சேர்த்துக்கொள்ளும். காலைக் காபிக்குள் துணி காய்ந்து கைக்கு வந்துவிடும்.

ஃபோனுக்கு வருகிறேன். இங்கேதான் என் உற்சாகம் கட்டுக்கடங்காமல் போகிறது.

சென்னையிலேயே ஜப்பானுக்கான இ-சிம் ஒன்றை வாங்கி, வீட்டு வைஃபையில் அதை ஃபோனில் ஏற்றிவைத்துவிட்டுத்தான் புறப்பட்டேன். விமானம் தரையைத் தொட்டு, வாசலை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப் செய்திகள் மளமளவென்று விழத் தொடங்கின. சிம் கவுண்டரில் வரிசை இல்லை. ஊசியால் குத்திச் சின்னத் தட்டை இழுத்து, நம் சிம்மை எங்கேயோ பத்திரப்படுத்துகிற வேலை இல்லை. பயணிகளுக்கான அந்த சிம் பெரும்பாலும் டேட்டாவுக்கு மட்டும், எண் கிடையாது. அதனால் ஒரு குறையும் இல்லை. வாட்ஸ்அப் நம் பழைய எண்ணிலேயே ஓடும். இந்திய சிம்மை அதே ஃபோனில் உயிரோடு வைத்துக்கொண்டு, ஊரிலேயே சர்வதேச ரோமிங்கை இயக்கிவிட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டால் வங்கியின் ஓடிபி வந்து சேர்ந்துவிடும். வெளிநாட்டில் நின்றுகொண்டு ஓடிபி வராமல் தவிப்பதைப் போன்ற அநாதை உணர்வு வேறில்லை. இந்த ஒரு ஏற்பாடு அதை அடியோடு தீர்த்துவிடுகிறது. அம்மாவின் ஃபோன் பழையது, இ-சிம் ஏற்காது. என் ஹாட்ஸ்பாட்டில் அவள் ராணி மாதிரி வலம் வந்தாள். நான்கைந்து பேர் கொண்ட குடும்பமென்றால் விமான நிலையத்தில் பாக்கெட் வைஃபை கருவியை வாடகைக்கு எடுப்பது மலிவு.

சிக்னல் எங்கே போனாலும் இருந்தது. டோக்கியோவின் சுரங்க ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே பூமிக்கடியில் ஓடும்போதும் அம்மாவின் வீடியோ கால் அறுபடவில்லை. துபாயில் இருக்கும் உறவினர்களோடு வாட்ஸ்அப்பில் பேச முடியாமல் வேறு செயலிகளைத் தேடிய பழக்கம் நம் வீடுகளுக்கு உண்டு. ஜப்பானில் அந்தத் தடை எதுவும் இல்லை. அங்கே நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னால். நாங்கள் இரவு எட்டுக்கு அறைக்குத் திரும்பினால் மன்னார்குடியில் மாலை நாலரை. சித்தி காபி டம்ளரோடு தயாராக உட்கார்ந்திருப்பாள். "இங்க பாருடி, பிளாட்ஃபாரத்துல கோடு போட்டு வச்சிருக்கான். ரயில் கதவு சரியா அந்தக் கோட்டுல வந்து நிக்குது. எல்லாரும் கோட்டுக்குப் பின்னால வரிசைல நிக்கிறான்" என்று அம்மா விவரிப்பாள். "பொய் சொல்லாத" என்பாள் சித்தி. மறுநாள் காலை அம்மா பிளாட்ஃபாரத்தில் நின்று நேரலையில் நிரூபிப்பாள். அறுபது வருடமாகச் சேர்ந்தே திருவிழா பார்த்த அக்காள் தங்கை, இந்தப் பயணத்தையும் சேர்ந்தேதான் பார்த்தார்கள். ஒருநாள்கூட அம்மா ஊரை நினைத்து ஏங்கவில்லை.

கூகுள் மேப்ஸ் அங்கே வேறு ஒரு பிறவி எடுக்கிறது. எந்த ரயில், எந்த நடைமேடை என்பதோடு நிற்காமல், எத்தனையாவது பெட்டியில் ஏறினால் இறங்குமிடத்தில் வாசல் பக்கம் என்பது வரை சொல்கிறது. எத்தனையாம் எண் வாசலில் வெளியேற வேண்டும், கட்டணம் எவ்வளவு என்பதும் அதிலேயே. டோக்கியோ சுரங்க ரயிலில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் உண்டு. கின்சா என்றால் ஜி-09. ஜப்பானிய எழுத்தும் தெரியாது, ஆங்கிலமும் தடுமாற்றம் என்றிருந்த அம்மா, ஏழு போச்சு, எட்டு போச்சு, அடுத்தது நம்மோடது என்று எண்ணிக்கொண்டு எனக்கு முன்னால் எழுந்து நின்றாள்.

மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவை ஜப்பானிய எழுத்தின் மேல் காட்டினால், கண்ணெதிரே அது தமிழாக மாறுகிறது. பிஸ்கட் பாக்கெட், பால் டப்பா, துவைக்கும் இயந்திரத்தின் பொத்தான் எல்லாம் தமிழ் பேசின! சைவ உணவுக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். அங்கே காய்கறிச் சூப் என்று நினைப்பதிலும் பொனிட்டோ மீன் வற்றலில் எடுத்த சாறு கலந்திருக்கும்; பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. ஜப்பானிய, தமிழ் மொழிக் கோப்புகளை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நெட் இல்லாத மலைக்கிராமத்திலும் அவை கைகொடுக்கும். கூடவே சேஃப்டி டிப்ஸ் என்ற இலவசச் செயலி. நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கையை ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் தருகிறது. அது ஃபோனில் இருக்கிறது என்ற நினைப்பிலேயே நிம்மதியாகத் தூங்கினேன்.

சார்ஜ் போடுவதற்கு நம் பிளக் பொருந்தாது. தட்டையான இரண்டு முள் வேண்டும்; மின்சாரம் 100 வோல்ட். ஃபோன், லேப்டாப் சார்ஜர்கள் 100 முதல் 240 வரை ஏற்பவை, ஆகவே சின்ன அடாப்டர் போதும். நம் ஊர் மின்சாரக் குக்கரையும் வெந்நீர்க் கம்பியையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், 230 வோல்ட்டுக்குச் செய்தவை அங்கே சரியாகச் சூடேறாது. ஒரு சுவாரசியம்: 19-ம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் மின் இயந்திரங்களை வாங்கின. அதனால் இன்றுவரை கிழக்கு ஜப்பானில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. ஷின்கான்செனில் அந்த எல்லையைத் தாண்டும்போது நம் ஃபோனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. 2020-ல் வந்த என்700எஸ் ரயிலில் ஒவ்வொரு இருக்கைக்கும் பிளக் பாயின்ட் உண்டு, இலவச வைஃபையும் உண்டு. டோக்கியோவிலிருந்து கியோட்டோ இரண்டேகால் மணி நேரம். வலப்பக்க ஜன்னல், அதாவது ஈ இருக்கை கேட்டு வாங்குங்கள், வானம் தெளிந்திருந்தால் ஃபூஜி தரிசனம். பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும். 20,000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 74 வாட்-அவர், விமானத்தின் 100 எல்லைக்குள் அடங்கிவிடும். ஜப்பானிய விமானங்களில் 2025 ஜூலை முதல் அதைத் தலைக்கு மேலே உள்ள தட்டில் வைக்காமல் கண்ணில் படும்படி வைத்திருக்கச் சொல்கிறார்கள்.

சுய்கா அட்டையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதுவேன், ஆனால் சுருக்கமாக. 2001-ல் வந்த தொட்டுச்செல்லும் ரயில் அட்டை. பயணிகளுக்கென்று வெல்கம் சுய்கா இருக்கிறது. செர்ரிப் பூப் போட்டது, முன்வைப்புத் தொகை இல்லை, 28 நாள் செல்லும், மீதிப்பணம் திரும்பாது. வாசலில் காட்டினால் கால் நொடிக்குள் வழி திறக்கிறது. அதே அட்டை பேருந்தில், லாக்கரில், குளிர்பான இயந்திரத்தில், பெட்டிக்கடையில் எல்லாம் செல்லுபடி. டோக்கியோவில் வாங்கியது ஒசாகாவிலும் ஓடுகிறது. சில்லறையைக் கையில் கொட்டி எண்ணும் வேலை அம்மாவுக்கு அறவே இல்லாமல் போனது. சிவப்புப் பட்டை போட்ட பானம் சூடு, நீலப் பட்டை குளிர்ச்சி என்று தெரிந்துகொண்டபின், குளிர்காற்றில் நடக்கும்போதெல்லாம் அவளே அட்டையைத் தொட்டுச் சூடான பால் டீ டப்பா எடுத்து இரண்டு கையாலும் பொத்திக்கொள்வாள்.

சாப்பாடு. இதைப் படிக்கிற பாதிப் பேரின் கவலை இதுதான் என்று எனக்குத் தெரியும். கொன்பினி என்கிற இருபத்துநாலு மணி நேரக் கடைகள் நாடு முழுவதும் 50,000-க்கும் மேல். 1974-ல் டோக்கியோவின் டொயோசுவில் செவன் இலெவனின் முதல் ஜப்பானியக் கடை வந்ததிலிருந்து பெருகியவை. நம் ஏடிஎம் அட்டைக்குப் பணம் தரும் இயந்திரம், சுத்தமான கழிப்பறை, ஏன், தக்யூபின் பெட்டியை ஏற்கும் கவுண்டர்கூட அங்கே உண்டு. அந்தக் கடையில் நான் கண்டுபிடித்தது தயிர்சாதம்!

வேகவைத்த வெறும் சோறு 200 கிராம் டப்பாவில் கிடைக்கிறது. மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். ஜப்பானிய அரிசி கொஞ்சம் குழைவாகவே இருக்கும், தயிர்சாதத்துக்கு அதுதானே வேண்டும். மெய்ஜி பல்கேரியா என்ற தயிர், சர்க்கரை சேர்க்காதது, பெரிய டப்பாவில் நல்ல கெட்டியாக இருக்கிறது. ஒரு சிட்டிகை உப்பு. தொட்டுக்கொள்ள உமெபோஷி, அதாவது உப்பில் ஊறிய ஒருவகைப் பழ ஊறுகாய். தேன் கலந்ததும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, உப்பும் புளிப்பும் மட்டும் உள்ளதை எடுக்க வேண்டும். நாக்கில் வைத்ததும் கண் தானாக மூடிக்கொள்ளும் புளிப்பு. அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். "நார்த்தங்காய்க்குத் தம்பிடா இது" என்றாள். கியோட்டோவின் ஓட்டல் அறையில், ஜன்னலுக்கு வெளியே கோயில் கோபுரம் தெரிய, நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து டப்பாவை வழித்துச் சாப்பிட்ட அந்தத் தயிர்சாதத்துக்கு நிகரான விருந்தை நான் உண்டதில்லை. இட்லி, தோசைதான் வேண்டும் என்பவர்கள் டோக்கியோவின் நிஷி கசாய் போகலாம். இந்தியக் குடும்பங்கள், குறிப்பாக கம்ப்யூட்டர் துறையினர், நிறைய வாழும் பகுதி. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குடிக்கிற தண்ணீரைச் சொல்லிவிட்டுக் கழுவுகிற தண்ணீரைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வெளிநாடு போகும் நம்மவர்கள் வாய்விட்டுச் சொல்லாத பெரிய சங்கடம் அதுதான். காகிதம் மட்டும் உள்ள நாடுகளுக்குப் பிளாஸ்டிக் குவளையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். ஜப்பானில் தண்ணீர் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர்! டோட்டோ நிறுவனம் 1980-ல் வாஷ்லெட் என்ற பெயரில் கொண்டுவந்த இந்த இருக்கை இன்று அங்கே பத்தில் எட்டு வீடுகளில் இருக்கிறது. ஓட்டல், ரயில் நிலையம், பல்பொருள் அங்காடி எங்கும் இருக்கிறது. வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், சூட்டை மாற்றலாம். இருக்கையே இளஞ்சூடாக இருப்பதால் பனிக்காலக் காலையில் உட்காரும்போது உடம்பு சிலிர்ப்பதில்லை. முன்பெல்லாம் பொத்தான்கள் ஜப்பானிய மொழியில் மட்டும், கம்பெனிக்கு ஒரு விதமாக இருந்தன. 2017-ல் எல்லா நிறுவனங்களும் சேர்ந்து ஒரே மாதிரியான படக்குறிகளுக்கு ஒத்துக்கொண்டன. அம்மா அந்தப் படங்களைப் பார்த்தே எல்லாவற்றையும் இயக்கப் பழகினாள். முழங்கால் வலிக்காரர்களுக்குக் கைப்பிடி உள்ள பெரிய அறைகளும் பல நிலையங்களில் உண்டு.

ஒசாகாவின் மின்சாமான் கடையில் அதே இருக்கைகள் வரிசையாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டாள். ஒன்றை வாங்கிப் பெட்டியில் வைத்து பூனைக்காரனிடம் கொடுத்துவிடலாம் என்றாள். அங்கே விற்பது 100 வோல்ட்டுக்கானது, நம் வீட்டில் மாட்டினால் எரிந்துபோகும் என்று விளக்கி அழைத்து வந்தேன். ஆனால் ஊருக்கு வந்து விசாரித்தால், அந்த நிறுவனத்துக்குக் குஜராத்தின் ஹாலோலில் ஆலையே இருக்கிறது. நம் மின்சாரத்துக்கு ஏற்ற மாடல்களையும் இங்கே விற்கிறார்கள். பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் மட்டும் வைத்துக்கொடுக்க வேண்டும். எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியாகிவிட்டது. சித்தி, தன் வீட்டுக்கும் சேர்த்து இரண்டாக வாங்கச் சொல்லியிருக்கிறாள்.